மூன்றாவது ஏனோடு நான் மடித்து வைத்த தாள்

அக்கா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. திதிக்கு வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களையும் எங்கள் கம்பெனி நண்பர்களையும் வணங்கி இதை எழுதுகிறேன். "நாலு நல்ல வார்த்தை எழுதுடா, போதும். வேற எதையும் கிளறாத" என்று சொல்லித்தான் மாமா, அதாவது அக்காவின் கணவர், இந்த வேலையை என்னிடம் கொடுத்தார். அக்காவைப் பற்றிச் சொல்ல நல்ல வார்த்தைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவற்றை மட்டும் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டால் நான் மனிதனே இல்லை. மாமா என்னை மன்னிக்க வேண்டும்.

அக்கா பிறந்தது சேரப்பணஞ்சேரியில். எனக்கு ஆறு வயது மூத்தவர். தண்டலம் பக்கம் டிப்ளமோ இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா தவறிவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் "பொண்ணுக்கு இன்னாத்துக்கு மெஷின் படிப்பு, நிறுத்திடுங்க" என்றார்கள். அம்மாவோ, காரியம் முடிந்த மறுநாள் காலை சோறு கட்டி அக்காவின் பையில் வைத்தார், அவ்வளவுதான். அக்கா படிப்பை முடித்து, வல்லம் வடகாலில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் சேர்ந்தார். என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்து அதே கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்த்துவிட்டதும் அவர்தான். கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்த மாமாவை அங்கேயே பார்த்து, பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரே மகள், இப்போது ஒன்பதாவது படிக்கிறாள்.

கம்பெனி வேலை தெரியாத உறவினர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் லைனில் ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனால் ஒரு தாளை நிரப்ப வேண்டும். அதில் ஐந்து கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் 'ஏன்' என்று போட்டிருக்கும். கீறல் ஏன் வந்தது, அது ஏன், அதற்கு ஏன் என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போனால் நிஜமான காரணம் கிடைக்கும் என்பது கணக்கு. நடப்பது என்ன தெரியுமா? மூன்றாவது கட்டத்தில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதுவோம். மிச்சம் இரண்டில் கோடு போடுவோம். டீ குடிக்கப் போய்விடுவோம்.

அக்கா அந்தத் தாளில் கையெழுத்துப் போடமாட்டார். ஒருமுறை பாகங்களின் உள்பக்கத்தில் தொடர்ந்து கீறல் விழுந்தது. தூத்துக்குடி பக்கமிருந்து புதிதாக வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த முத்துச்செல்வி என்ற பெண்ணின் மேல் பழியைப் போட்டார் சூப்பர்வைசர். "நா ஒண்ணுஞ் செய்யலக்கா, மெதுவாத்தான வைக்கேன்" என்று அந்தப் பெண் அழுதுகொண்டு நின்றாள். அக்கா தாளை வாங்கி, ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டத்தைத் தானாகவே வரைந்தார். "இவதான் காரணம்னா, இவ இல்லாத அன்னிக்குக் கீறல் வரக்கூடாதில்ல சார்? நாளைக்கு இவளுக்கு லீவு. வருதா இல்லியான்னு பாத்துடுவோம்" என்றார்.

"இன்னா மேடம், ஜோசியம் பாக்குறீங்களா?" என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

"ஜோசியக்காரன் தப்பா சொன்னா ஒத்துக்கமாட்டான் சார். நான் ஒத்துக்குவேன்" என்றார் அக்கா.

மறுநாளும் கீறல் வந்தது. தேடிப் பார்த்ததில், பாகங்களை அடுக்கும் டிரேயின் விளிம்பில் நகத்துக்கும் தட்டுப்படாத பிசிர் ஒன்று இருந்தது. முத்துச்செல்வியின் வேலை தப்பியது. அதன் பிறகு அக்காவின் எல்லாத் தாள்களிலும் ஓரத்தில் அந்தக் கட்டம் இருக்கும்: 'இது உண்மையென்றால் நாளைக்கு என்ன தெரிய வேண்டும்?' நாங்கள் கிண்டல் செய்வோம். ஆனாலும் அக்கா கையெழுத்திட்ட தாள் தணிக்கையில் திரும்பி வந்ததே இல்லை.

இனிமேல் எழுதுவதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் கோடையில் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடியிலிருக்கும் கேன்டீனுக்கு ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார். பக்கத்து கிளினிக்கில் ரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். நான்தான் பெரிய மேதை ஆயிற்றே! கம்பெனித் தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, "உனக்கே ஒரு ஏன்-ஏன் போடுறேன் பாரு" என்று அக்காவின் முன்னால் உட்கார்ந்தேன். ஏன் மூச்சு வாங்குகிறது? ரத்தம் குறைவு. ஏன் குறைவு? ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை? ஷிப்ட் மாறி மாறி வருகிறது. முடிந்தது. நான் சிரித்தேன், அக்காவும் சிரித்தார்.

"நாளைக்கு இன்னா தெரியணும், அதையும் எழுதுடா" என்றார்.

'பகல் ஷிப்டுக்கு மாறி நன்றாகச் சாப்பிட்டால் இரண்டு மாதத்தில் ரத்தம் ஏறும்' என்று என் கையாலேயே எழுதினேன்.

அக்கா கெஞ்சிக் கேட்டுப் பகல் ஷிப்டுக்கு மாறினார். அம்மா முருங்கைக்கீரையும் ஈரலும் பேரீச்சையுமாகச் செய்து போட்டார். இரண்டு மாதம் கழித்து ரத்தம் பார்த்தோம். ஏறவில்லை, முன்னைவிடக் குறைந்திருந்தது. தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. என் காரணம் தப்பு என்று அது சத்தம் போட்டுச் சொன்னது. எட்டாவது படிக்கும் பிள்ளைக்குக்கூட அது புரிந்திருக்கும். நான் சொன்னேன்: "லேப் மாத்திட்டோமில்ல, அதான் கம்மியா காட்டுது."

இன்னும் கேளுங்கள். ஒரு வாரம் கழித்து அக்கா தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார்: "டேய், வெளிக்கி கருப்பா போவுது."

"இரும்பு மாத்திரை போட்டா அப்டித்தான்கா போவும்."

"மாத்திரை போடுறதுக்கு முன்னாடியே அப்டித்தான் இருந்துச்சு."

"நீ மறந்திருப்ப" என்றேன்.

அக்கா எதையும் மறக்கிறவர் இல்லை. மூன்று மாதத்துக்கு முந்தைய ரிஜெக்ட் எண்ணிக்கையைத் தாள் பார்க்காமல் சொல்கிறவர். அவரிடம் போய் நீ மறந்திருப்பாய் என்று சொன்னேன். அவரும் "இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கம்பெனியில் மேனேஜர் சொன்னாலும் தலையாட்டாதவர் எனக்கு மட்டும் ஏன் தலையாட்டினார்? அவருக்கும் பயம் இருந்திருக்கும். என் பதில் அவருக்கும் வசதியாக இருந்திருக்கும். நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு வெடிக்கிறது.

நான்கு மாதம் கழித்து ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் அக்கா மயங்கி விழுந்தார். அரசு மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் கட்டி, ஈரல் வரைக்கும் பரவியிருந்தது. மருத்துவரம்மா பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். "ரத்தம் குறையுதுன்னு தெரிஞ்சிருக்கு. அது எங்க போவுதுன்னு யாருமே கேக்கலியா?" என்றார். அதுதான் நான் கேட்காமல் விட்ட நான்காவது ஏன். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஆறு மாதம் அக்கா போராடினார். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், வார்டில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரல் மிகவும் சன்னமாகிவிட்டிருந்தது. "நீ தப்பா நெனச்சதுல ஒண்ணும் இல்லடா. எல்லாரும்தான் தப்பா நெனைப்பாங்க. தப்புன்னு ரிப்போர்ட் வந்த அன்னிக்கு நாம மாத்திக்கல பாரு... நானுந்தான் மாத்திக்கல. நீ மட்டும் இழுத்துப் போட்டுக்காத" என்றார். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆறவில்லை அக்கா. ஒரு வருடம் ஆகியும் ஆறவில்லை.

அந்த ஆறு மாதத்தில் எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்லாமல் முடிக்க முடியாது. ஷிப்ட் முடிந்து கால் வலியோடு மருத்துவமனைக்கு வந்து முறைவைத்து ரத்தம் கொடுத்த எங்கள் லைன் பெண்களுக்கும், லீவு போட்டுவிட்டு அக்காவுக்குத் தலைவாரிவிட்ட முத்துச்செல்விக்கும் நாங்கள் பிறவி முழுக்கக் கடன்பட்டவர்கள். எங்கள்மேல் ஒரு நாளும் எரிந்து விழாத மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, சோறு போட்டுப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அண்ணிக்கு நன்றி. மாமாவுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

கடைசியாக ஒன்று. கூடப் பிறந்தவர்களுக்கும் இந்த நோய் வரலாம், அறிகுறி இல்லாவிட்டாலும் ஒருமுறை குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று அந்த மருத்துவர் அக்காவின் கடைசி நாட்களில் எனக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வருடம் ஆகிறது. நான் போகவில்லை. முதலில் காரியம் இருந்தது என்றேன், பிறகு கம்பெனியில் மாதக் கடைசி என்றேன், அதற்கப்புறம் ஆடி மாதம் என்றேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அவருக்கு இந்த மலரைப் படித்துக் காட்டப்போகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர் காதில் விழுந்தால் என்னைச் சும்மா விடமாட்டார். மற்றவர்களும் இன்று சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது, பரிசோதனைக்குப் போனாயா என்று என்னைக் கேளுங்கள். போனேன் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள், ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

தீராத துயரத்துடன்,
தம்பி