பில்லியின் எடை

“வாசம் தெரியாட்டி பசி தெரியுமா அம்மணி?”

போன மார்கழியில் ஒரு புதன்கிழமை காலை கோவிந்தராஜுலு அண்ணா என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் கையில் ஒரு கிண்ணம் இருந்தது. அதில் பால் ஊற்றிப் பிசைந்த சோறு ஆடை கட்டிக் கிடந்தது. அவருடைய பூனை முந்தின நாள் மதியத்திலிருந்து வாயே வைக்கவில்லை.

“தெரியலீங்களேண்ணா,” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மதுக்கரையில் பாலக்காடு ரோட்டை ஒட்டி ஒரு எடைமேடை இருக்கிறது. லாரிகளை அப்படியே ஏற்றி எடை போடும் இடம். அதன் பக்கத்தில்தான் என் மாமாவின் ஜெராக்ஸ் கடை. பிளஸ் டூ முடித்ததிலிருந்து நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். எடைமேடையின் கண்ணாடி அறைக்குள் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர் கோவிந்தராஜுலு. ஐம்பத்தாறு வயது. பிறந்து வளர்ந்தது பீளமேடு. முதலில் அங்கே ஒரு மில்லில் பஞ்சுப் பொதிகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். மில்லை மூடியதும் இங்கே வந்தார். “பஞ்சு போயி சிமெண்டு வந்துச்சு. தராசு மட்டும் என்னய விடல,” என்பார்.

ஒரு லாரி சரக்கோடு வந்து ஏறும், ஒரு எண். சரக்கை இறக்கிவிட்டு வந்து ஏறும், இன்னொரு எண். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நிகர எடை. அதை அச்சடித்துக் கண்ணாடியின் கீழ் ஓட்டை வழியாக நீட்டுவார். டிரைவர் கை மட்டும்தான் உள்ளே வரும். சில நாட்களில் அவர் பேசும் மொத்தப் பேச்சே “வண்டிய முன்ன எடுங்க, பின்ன எடுங்க” என்பதுதான்.

அவர் மனைவி வெங்கடலட்சுமி மகள் நவ்யாவின் பிரசவத்துக்காக பெங்களூர் போனார். ஆறு மாதம் என்று சொல்லித்தான் போனார். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தையை விட்டுவிட்டு வர முடியவில்லை. இப்போது மூன்று வருடம் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை. தினமும் சாயங்காலம் போன் வரும். அவ்வளவுதான்.

பூனை வந்தது அதற்குப் பிறகு. பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் நார் ஏற்றி வந்த லாரியிலிருந்து குட்டியாக இறங்கியது. சாம்பல் நிறம், வால் நுனி மட்டும் வெள்ளை. அவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் ‘பில்லி’ என்று கூப்பிட்டார். அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் பூனைக்கு அதுதான் பெயர். தமிழ் டிரைவர்கள் விடுவார்களா? தார்ப்பாய் போட்ட சிமெண்டு லாரி ஓட்டும் ஈஸ்வரமூர்த்தி வரும்போதெல்லாம் கேட்பார்: “ஏனுங்ணா, பில்லி ஊட்டுல இருக்குதுங்ளா? சூனியம் எங்கீங்?”

“சூனியந்தான் லாரி ஓட்டிட்டு வருதே,” என்பார் இவர்.

கொரோனா இரண்டாவது அலையில் அவருக்குக் காய்ச்சல் வந்து வாசனை போய்விட்டது. மற்றவர்களுக்கெல்லாம் சில மாதத்தில் திரும்பியது, அவருக்குத் திரும்பவே இல்லை. ஒருநாள் அவர் டிபன் பாக்ஸிலிருந்த குழம்பு கெட்டுப்போயிருந்ததை நான்தான் சொன்னேன். பாதி சாப்பிட்டிருந்தார். “ஒரு மணி ஆனா சாப்புடறது, எட்டு மணி ஆனா சாப்புடறது. கடிகாரத்தப் பாத்துத்தான் அம்மணி. பசின்னு ஒண்ணும் வர்றதில்ல,” என்றார். பூனைக்கு மூக்கு அடைத்துச் சோறு இறங்காமல் போனபோது அவர் ஏன் அப்படிப் பதறினார் என்பது எனக்கு இதை வைத்துத்தான் பிறகு புரிந்தது.

திங்கட்கிழமை தும்மல் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை கண்ணில் நீர் வடிந்தது, மூக்கில் பச்சையாகச் சளி. அன்று மதியத்திலிருந்து சாப்பாடு இல்லை. புதன்கிழமை சாயங்காலம் மனைவி போன் செய்தபோது அவர் கண்ணாடி அறையில்தான் இருந்தார், நானும் அங்கே நின்றிருந்தேன். லாரிச் சத்தத்தில் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார். தெலுங்கில் பேசினார்கள். நடுவில் அந்தம்மா சத்தமாக ஏதோ சொல்ல, இவர் சிரித்துவிட்டார்.

“என்னங்ணா சொன்னாங்க?”

“எனக்குச் சளி புடிச்சப்ப ஒரு நாளு சுக்குக் காப்பி வெச்சுக் குடுத்திருப்பீங்களா, பூனைக்கு இந்தப் பாடா, அப்படீங்கறா.” பிறகு சொன்னார்: “ஆவி புடிக்கச் சொல்றா. ஊட்டித் தைலம் ரெண்டு சொட்டு ஊத்தி.”

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடப்பது. ஊட்டிக்குப் போய் வரும் யாராவது நீலகிரித் தைலம் வாங்கி வந்து கொடுத்துவிடுவார்கள். அலமாரியில் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும். சளி என்றால் வெந்நீரில் தைலம், நெஞ்சில் தைலம், கைக்குட்டையில் தைலம். எனக்கும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதனால் எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. “நல்லதுதானுங்ணா,” என்று நானும் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை அவர் பில்லியை ஓர் ஆப்பிள் அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பெட்டி என் மேஜைக்கு வருவதற்கு முன்பே தைலம் வந்துவிட்டது. எனக்குக் கண் எரிந்தது.

“அண்ணா, எவ்வளவுங்ணா ஊத்துனீங்க?”

“ரெண்டு சொட்டுத்தான். மூடி கொஞ்சம் லூசு. நெஞ்சுலயும் களுத்துலயும் கொஞ்சம் தடவி உட்டேன்.” என் முகத்தைப் பார்த்தார். “வாசம் அடிக்குதா?”

“வாசங்களா? கடையில உக்கார முடியலீங்.”

பில்லியின் வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்துகொண்டிருந்தது. எழுந்து நிற்கப் பார்த்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் முகர்ந்து பார்த்தார். திரும்பத் திரும்ப முகர்ந்தார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

குனியமுத்தூரில் ஒரு கால்நடை மருத்துவர் இருப்பதைப் போனில் தேடிக் கண்டுபிடித்தோம். கடையை மாமாவிடம் விட்டுவிட்டு நானும் போனேன். டாக்டர் சாயிரா பானுவுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பெட்டியைத் திறந்ததும் ஜன்னலையும் திறந்தார்.

“தைலமுங்ளா?”

“ஆமாங்க.”

“மனுசங்களுக்குப் பண்றத அப்படியே பூனைக்குப் பண்ணக் கூடாதுங்க சார். இதெல்லாம் அதுக்கு வெசம். ஒடம்புல தடவுனா நக்கிப்போடும், உள்ள போயிரும். மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா? பாராசிட்டமால்?”

“குடுக்கலீங்க. அரை மாத்திரை ஒடச்சு வெச்சேன். காத்தால குடுக்கலாம்னு.”

“நல்லவேளை. அதக் குடுத்திருந்தா எங்கிட்ட வந்தே இருக்க மாட்டீங்க.”

டாக்டர் பில்லியை வெதுவெதுப்பான நீரிலும் லேசான சோப்பிலும் கழுவித் துடைத்தார். தோலுக்கு அடியில் சலைன் ஏற்றினார். பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். எடை இரண்டு கிலோ அறுநூற்றுப் பத்து கிராம்.

பிறகு மெதுவாகச் சொன்னார். இது பூனைகளுக்கு வரும் வைரஸ் சளி. மனிதர்களுக்கு ஒட்டாது, வேறு பூனைக்கு ஒட்டும். வைரஸ் தானாகத்தான் அடங்க வேண்டும். தான் எழுதிக்கொடுக்கும் மாத்திரையும் கண் மருந்தும் சளிக்குப் பின்னால் தொற்றும் வேறு கிருமிக்கு. மாத்திரை கொடுத்த பிறகு சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் கட்டாயம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தொண்டையில் ஒட்டிப் புண்ணாக்கும். மூக்கை உப்புநீர்ப் பஞ்சால் துடைக்க வேண்டும். ஆவி நல்லதுதான், வெறும் வெந்நீர் ஆவி மட்டும்.

“முக்கியமானது சாப்பாடுங்க. பூனை மோந்து பாத்துத்தான் சாப்புடும். மூக்கு அடைச்சா முன்னால இருக்கறது சாப்பாடுன்னே அதுக்குத் தெரியாது. ரெண்டு மூணு நாள் பட்டினி கெடந்தா ஈரல் கெட்டுரும். நல்லா வாசம் வர்ற மாதிரி, கொஞ்சம் சூடா குடுங்க. தெனமும் எடை பாருங்க. ஞாயித்துக்கெழமை வரைக்கும் தானா சாப்புடலீன்னா டியூப் போட்டு ஊட்ட வேண்டியதுதான். இந்த ஒடம்புல தாங்குமான்னு சொல்ல முடியாதுங்க.”

வாசம் வருகிற சாப்பாடு. அதைக் கேட்டதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முப்பது டன் லாரியை எடை போடுகிறவரிடம் பூனையை எடை போட ஒன்றுமில்லை. அவர் மேடை இருபது கிலோவுக்குக் கீழே பூஜ்யம்தான் காட்டும். பக்கத்துப் பழைய பேப்பர் கடைத் தராசைக் கேட்டார். அதன் மேல் பெட்டியோடு பில்லியை வைத்து ஒரு எண். பில்லியை என் கையில் கொடுத்துவிட்டு வெறும் பெட்டிக்கு ஒரு எண். வீணாய்ப்போன எடைச் சீட்டு ஒன்றின் பின்னால் லோடு எடை, காலி எடை, நிகர எடை என்று எழுதினார். வெள்ளிக்கிழமை 2.560. ரோட்டில் ஹார்ன் சத்தம்.

“ஏனுங்ணா, முப்பது டன்னு மேடையில நிக்குது. நீங்க ரெண்டரைக் கிலோவுக்குக் கணக்குப் போட்டுட்டு இருக்கறீங்,” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

“உன்ற சிமெண்டு எந்திரிச்சு ஓடிப்போகாது. இரு வாரேன்.”

ஈஸ்வரமூர்த்தி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அன்றைக்கு அவர் சூனியம் பற்றிக் கேட்கவில்லை. சாயங்காலம் பாலக்காட்டிலிருந்து திரும்பும்போது ஒரு பை மத்தி மீன் கொண்டுவந்து கொடுத்தார்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவரே பிறகு சொன்னார். குளியலறையில் வெந்நீரை வாளியில் நிரப்பி, கதவைச் சாத்திக்கொண்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் பில்லியை மடியில் வைத்துப் பத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துபோகும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார், தெலுங்கில். அந்த வீட்டில் தெலுங்கு கேட்க வேறு ஆளில்லை. சாப்பாட்டை முன்னால் வைத்து “தினு, தினு” என்பார். தின்னு என்று அர்த்தம். பில்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சிரிஞ்சில் கஞ்சி மாதிரிக் கரைத்து ஊற்றினால் பாதி அவர் சட்டையில் வடியும். சனிக்கிழமை எடை 2.520. டாக்டருக்குப் போன் செய்து சொன்னார். நாளைக் காலை வரைக்கும் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

மத்தியை உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்ப்பாராம். சூடு தெரிந்தது. வாசம் வருகிறதா என்று மட்டும் தெரியவில்லை. நான் கடையில் இருக்கிறேன், வேறு யாரைக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா சாந்தாமணி இறங்கி வந்தார். அவர்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை.

“ஏனுங், தப்பா நெனைக்காதீங்க. காத்தால நேரத்துல மீன் நாத்தம் மேல வரைக்கும் வருதுங்க.”

“நெசமாலுமே வருதுங்ளா?”

“வருதாவா? கொமட்டுதுங்க.”

“ரொம்பச் சந்தோசமுங்க,” என்றார் இவர். “இன்னுங் கொஞ்சம் சூடு பண்ணுனா நல்லா வருமுங்ளா?”

சாந்தாமணி அம்மா ஒன்றும் புரியாமல் நின்றார். பிறகு பெட்டியைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “பாவம், திங்கச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். அன்று அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள், மறுபடி கேட்கவில்லை.

ஆவி பிடித்து, மூக்கைத் துடைத்து, மீனை மறுபடி சூடாக்கி விரலில் எடுத்து நீட்டினார். பில்லி பார்த்தது. மூக்கு இரண்டு முறை அசைந்தது. பிறகு விரலை நக்கியது. அவர் கையை அசைக்கவில்லை. இன்னொரு முறை நக்கியது. கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். நாலு வாய் தின்றது, தும்மியது, மறுபடி குனிந்து தின்றது.

அவர் உடனே மனைவிக்குப் போன் செய்தார்.

“மெதுவாப் பேசுங்க, பையன் இன்னும் தூங்கறான்,” என்று அந்தம்மா கிசுகிசுத்தார்.

அதனால் இவரும் மதுக்கரையில், ஆளில்லாத வீட்டில், குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தின்னுருச்சு,” என்று கிசுகிசுத்தார்.

“அப்பாடா. நீங்க சாப்ட்டீங்களா?”

“ஆச்சு,” என்றார்.

ஆகவில்லை. போனை வைத்த பிறகு, மிச்சமிருந்த மத்தியில் கொஞ்சம் உப்பைத் தூவி, பழைய சோற்றோடு பில்லியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கடிகாரத்தில் அப்போது எட்டே கால், ஆனால் அன்று அவர் அதைப் பார்த்துச் சாப்பிடவில்லை. “அது தின்னுட்டு இருந்துச்சு. பக்கத்துல நானும் உக்காந்து தின்னேன்,” என்று மறுநாள் என்னிடம் சொன்னார். திங்கட்கிழமை நிகர எடை 2.550.

பில்லி இப்போது நலமாக இருக்கிறது. ஒரு கண்ணில் மட்டும் லேசாக நீர் வடியும். குளிர் வந்தால் மறுபடி தும்மும், இந்த வைரஸ் உடம்பை விட்டு முழுசாகப் போகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெங்கடலட்சுமி அம்மா இன்னும் பெங்களூரில்தான் இருக்கிறார். சாயங்காலம் போன் வருகிறது.

நானும் அன்று “நல்லதுதானுங்ணா” என்று சொன்னேன். எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் பூனை வைத்திருப்பவர் யாராவது இருப்பார், அநேகமாகத் தனியாக இருப்பவராக இருப்பார். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டுங்கள். சொல்லிவிட்டு உடனே எழுந்து வந்துவிடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.