ஒன்றே முக்கால் கிலோ பயம்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு எடை மெஷினில் ஏறி நின்றேன். 64.2.

இறங்கினேன். மறுபடி ஏறினேன். அதே 64.2.

மெஷினைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அங்கே 64.0. ஹாலில் 64.3. வளையலைக் கழற்றினேன், ஸ்வெட்டரைக் கழற்றினேன்... கொடைக்கானலில் அந்த நேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றுகிற மனைவியைப் பார்த்து என் வீட்டுக்காரர் மிரண்டுபோனார்.

"வெள்ளனே எந்திரிச்சு என்ன சோலி பாக்குற?"

"ஒண்ணுமில்ல. நீங்க காபியக் குடிங்க."

ஒன்றுமில்லையா? முந்தைய வாரம் 62.4 இருந்தது. ஏழே நாளில் ஒன்றே முக்கால் கிலோ!

நான் பன்னிரண்டு கிலோ குறைத்த கதையை இதே பக்கத்தில், போட்டோவோடு பீற்றிக்கொண்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தொளதொளவென்று தொங்கும் பழைய சுடிதாரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டியிருப்பேனே... அந்தப் போட்டோ. ஆனால் அந்த டயட்டில் நான் தனியாக இல்லை. கூடவே ஜமீலாவும் இருந்தாள்.

ஜமீலா என் பள்ளிக்கூடத் தோழி. பஜாரில் ஸ்வெட்டர், கம்பளிக் கடை வைத்திருக்கிறாள். எனக்கு சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது. அவள் நாலு வருடமாக மாத்திரை போடுகிறாள். பத்து மாதம் தினமும் காலையில் ஏரியைச் சுற்றி நடந்தோம். ஒரே மாதிரி சாப்பிட்டோம், ஒரே மாதிரி பட்டினியும் கிடந்தோம். அவளுக்குப் பத்து கிலோ குறைந்தது.

அந்தச் செவ்வாய்க்கு ஒரு வாரம் முன்னால்தான், திண்டுக்கல்லில் எங்களைப் பார்க்கும் டயட்டீஷியன் கை கொடுத்து அனுப்பினார். "டயட் முடிஞ்சதுங்க. இனிமே மெயின்டனன்ஸ். காலைல ஒரு இட்லி கூடப் போட்டுக்கங்க, மதியம் ஒரு கரண்டி சோறு கூட. முதல் ரெண்டு வாரம் எடை கொஞ்சம் ஏறும். அது தண்ணி, வயித்துல இருக்கிற சாப்பாடு... கொழுப்பு இல்ல. பயப்படாதீங்க. வாரத்துக்கு ஒரு தடவைதான் எடை பாக்கணும்."

ஜமீலாவிடம் தனியாக ஒன்று சொன்னார். "உங்களுக்கு இந்தச் சாப்பாட்டுக்குத் தகுந்த மாதிரிதான் டாக்டர் மாத்திரை எழுதியிருக்கார். அவரக் கேக்காம சாப்பாட்டக் குறைச்சிராதீங்க."

இரண்டு பேரும் நன்றாகத் தலையாட்டினோம்.

ஒரு உண்மை சொல்லட்டுமா? டயட் சுலபம். ஒவ்வொரு வாரமும் எண் இறங்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் "அட, இளைச்சுட்டீங்களே!" என்பார்கள். மெயின்டனன்ஸில் என்ன இருக்கிறது? ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் வெற்றி. "அட, போன மாசம் மாதிரியே இருக்கீங்களே!" என்று யாராவது பாராட்டுவார்களா?

வாரம் ஒருமுறை என்றவரிடம் தலையாட்டிவிட்டு வந்த நான், அந்தச் செவ்வாயிலிருந்து தினமும் மூன்று தடவை ஏறி நின்றேன். காபிக்கு முன், காபிக்குப் பின், குளித்த பின். எழுத உட்கார்ந்தால் நாலு வரி நகராது. எழுந்து கண்ணாடி முன் போய் வயிற்றைப் பார்ப்பேன். வந்து உட்காருவேன். திரும்ப எழுவேன்.

மறுநாள் புதன்கிழமை பஜாரில் ஒரு வாசகி என்னை நிறுத்தினார். "மேடம், நீங்கதானே அந்தப் பத்தி எழுதறவங்க? போட்டோல இன்னும் ஒல்லியாத் தெரிஞ்சீங்க!"

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

நேராக ஜமீலா கடைக்குப் போனேன். "ஏ ஜமீலா, உனக்கு எவ்வளவு ஏறியிருக்கு?"

"ஒண்ணரை. அதான் ஏறும்னு அந்த டயட்டீஷியன் பொண்ணு சொல்லுச்சுல்ல?"

"ஏறும் ஏறும்னு விட்டா பழையபடி எழுபத்தஞ்சுல போய் நிக்கும். ராத்திரிச் சாப்பாட்ட நிறுத்துவோம். காலைலயும் வெறும் டீ, சீனி இல்லாம. நாலே நாளு... வெரசா எறக்கிரலாம்."

"நாலு நாளுதானே? சரி" என்றாள்.

அவள் மாத்திரை போடுகிறவள் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. வந்திருந்தாலும் அந்த அவசரத்தில் காதில் போட்டுக்கொண்டிருப்பேனா? தெரியாது.

மூன்றாம் நாள், சனிக்கிழமை. ஏரியைச் சுற்றினால் போதாது என்று வட்டக்கானல் வரை இறங்கி ஏறலாம் என்றேன். இறங்கும்போது ஜமீலா நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள். திரும்பி மேட்டில் ஏறும்போது பேச்சு நின்றது. மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்து நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால், சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். பல் கிட்டும் அந்தக் குளிரில் முகமெல்லாம் வேர்வை. கை நடுங்குகிறது.

"ஜமீலா, என்னடி பண்ணுது?"

"கடையத் தொறக்கணும்... சாவி எங்க கெடக்கு?" என்றாள். சாவி அவள் கையிலேயே இருந்தது.

என் கைப்பையைக் கொட்டினேன். வெள்ளரிக்காய்த் துண்டுகள், தண்ணீர் பாட்டில், போன். ஒரு மிட்டாய் இல்லை. பத்து மாதமாக இனிப்பையே ஒதுக்கி வைத்த பை அது!

கொஞ்சம் கீழே பிரெட் ஆம்லெட் கடை. அங்கிருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஓடி வந்தார். ஜமீலாவை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

"சுகர் மாத்திரை போடுறவங்களா? காலைல சாப்பிட்டாங்களா?"

"மாத்திரை போட்டா. சாப்பிடல."

"என்னங்க நீங்க!" என்றவர் அதே வேகத்தில் திரும்பி ஓடி, தம்ளரில் சீனியைக் கரைத்துக் கொண்டுவந்தார். "அக்கா, முழுங்க முடியுதா? மெதுவாக் குடிங்க... இன்னொரு வாய்..."

ஜமீலா குடித்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கால் மணி நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும். கடைசியில் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஏன் அழுவுற?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணே ஜீப் பிடித்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் சுகரைப் பார்த்தார். அப்போதும் குறைவாகத்தான் இருந்தது. "சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கணும். சாப்பாட்டக் குறைக்கச் சொன்னது யாரு?" என்றார்.

"நானாத்தான் டாக்டர்" என்றாள் ஜமீலா, பட்டென்று.

அப்படியே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் கை இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"இல்ல டாக்டர். நான் சொல்லித்தான் செஞ்சா."

டாக்டர் என்னைத் திட்டியதை இங்கே எழுதப்போவதில்லை. ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு வேண்டியதுதான்.

மதியம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஜமீலா இட்லி சாப்பிட்டாள். நாலு இட்லி. "மன்னிச்சிருடி" என்றேன்.

"நீ சொன்னதுக்காக மட்டும் செஞ்சேன்னு நெனைக்காத. எனக்கும் பயந்தான். கடைக்கு வர்றவங்க எல்லாம் ஸ்வெட்டரை விட்டுட்டு என் இடுப்பைப் பாத்துப் பேசுறாங்க. திரும்பக் குண்டானா என்ன சொல்லுவாங்க? நீயே 'எறக்கிரலாம்'னு சொன்னதும், சரி நாம பயப்படுறது நியாயந்தான்னு தோணிருச்சு."

ஒருத்தி பயம் இன்னொருத்தி பயத்துக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறது!

மறுநாள் டயட்டீஷியனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். "அந்த வாரம் ஊறுகாய், அப்பளம், வெளிச் சாப்பாடு எதுவும் உண்டா?" உண்டு. கல்யாண வீடு ஒன்று, ஓட்டல் சாப்பாடு இரண்டு வேளை. "உப்பு கூடினா உடம்பு தண்ணியப் பிடிச்சு வைக்கும். ஒண்ணும் செய்யாதீங்க. சாப்பிடுங்க, நடங்க. சும்மா இருங்க."

சும்மா இருப்பது! எனக்கு வராத ஒரே வேலை.

ஆனாலும் இருந்தோம். கூட்டிய இட்லியைச் சாப்பிட்டோம். ஜமீலாவுக்கு டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார். பழையபடி ஏரியைச் சுற்றுகிறோம். அவள் ஸ்வெட்டர் பாக்கெட்டில் ஒன்று, என் பையில் ஒன்று என்று குளுக்கோஸ் பாக்கெட் கூடவே வருகிறது. என் எடை ஒரு வாரம் 63.1. அடுத்த வாரம் 62.7. ஒரு கிலோ அப்படி, ஒரு கிலோ இப்படி... அதுதான் இனி என் எடை. ஒற்றை எண் இல்லை.

மனசு அடங்கிவிட்டதா என்று கேட்டால், இல்லை. இன்றைக்குக்கூட இதை எழுதும்போது நடுவில் இரண்டு தடவை கண்ணாடிக்குப் போய்விட்டு வந்தேன். ஆனால் அந்தப் பரபரப்பை இனி என்னோடு வைத்துக்கொள்வேன். அடுத்தவள் தட்டில் கை வைக்க மாட்டேன்.

தயவுசெய்து, 'இப்போ எத்தனை கிலோ?' என்று மட்டும் கேட்டு எழுதாதீர்கள்... உடனே போய்ப் பார்த்துவிடுவேன்!