சொர்க்கத்தில் பெரட்டு

மலேசியாவில், சித்தியவான் ஊருக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொள்கிறது. பழைய ரப்பர் தோட்டத்து முனையில் ஓர் ஒட்டுக்கடையில் ஒதுங்கியிருக்கிறேன். ரப்பர் போய் இப்போது செம்பனை. மழைப்புகையில் மரங்கள் பாதி கரைந்து கனவில்போல் நிற்கின்றன. தேநீர் ஆற்றியபடி கடைக்கார அக்கா, இருட்டோடு எழுந்து, பெரட்டில் ஆள்கணக்குக்கு வரிசையாக நின்றுவிட்டு, பால்மரம் சீவப் போன காலத்து வேடிக்கை ஒன்றைச் சொல்கிறார்.

“வெள்ளக்கார தொரை செத்து சொர்க்கம் போனாரு. அங்கயும் விடியுமுன்ன பெரட்டு மணி அடிச்சு ஆளுங்கள கூப்பிட்டாரு. ஒருத்தரும் வரல. நம்மாளுங்க எல்லாம் நல்லா தூங்குறாங்க.”

மூலை பெஞ்சில் ஒருவர் தூங்குவதால், மழைக்கு ஒதுங்கிய மற்ற எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“அவ்வளவுதானா அக்கா?”

“அவ்வளவுதான் லா,” என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். “எங்களுக்கு சொர்க்கமே அவ்வளவுதான்.”