கடை விலாசம்

தயானிக்குப் பண்டாரவளையில் வீடு இல்லை. ஆனால் அவள் அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் பண்டாரவளை விலாசம்தான். அது ஹுமைத் நானாவின் பலசரக்குக் கடை. அவள் வீடோ ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாய் நிற்கும் தொழிலாளர் லயத்தில். லயங்களுக்குத் தனி விலாசம் ஏது? கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, யார் மேசையிலோ தூங்கி எழுந்து, நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு சாவகாசமாக வந்து சேரும். அதனால் படித்த பிள்ளைகள் டவுன் கடை விலாசம் கொடுப்பது வழக்கம். இவள் விலாசத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

கொழும்பில் கணக்கு வேலை கிடைத்ததும், "ஊரு பண்டாரவளை டவுன். அப்பாவுக்குக் கடை இருந்துச்சு" என்று அளந்துவிட்டாள். அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். மறுத்துப் பேச வரமாட்டார். கொழுந்து பறித்துப் படிக்கவைத்த அம்மா அங்கம்மாவைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

அந்த ஆபீசில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் எல்லாரும் வேன் பிடித்துப் போவார்கள். மலர்வளையத்துக்குச் சொல்வதில் தயானிதான் முன்னால் நிற்பாள். போன ஆவணியில் அம்மா இறந்தபோது, அந்த வேன் லயத்து வாசலில் வந்து நிற்பதை நினைத்துப் பார்த்தாள். காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு ஊருக்கு வந்தாள். தோட்டத்துச் சனம் கூடி நின்று அடக்கம் செய்தது. அவளுக்கென்று தோள் கொடுக்க வந்தவர் ஒருவருமில்லை. திரும்பிப் போனதும், "காய்ச்சல் சுகமாயிருச்சா?" என்று ஆபீசே அன்பாக விசாரித்தது. அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வேலையை விட்டு வந்துவிட்டாள்.

இப்போது பண்டாரவளையில் ஒரு மரக்கறிக் கம்பனியில் நேர்முகத் தேர்வு. பழக்க தோஷம், இந்த விண்ணப்பத்திலும் கடை விலாசமே போயிருந்தது. இந்த வேலையும் இல்லையென்றால் மறுபடி கொழும்புக்குத்தான் ஓடவேண்டும்.

மனேஜர் மர்ஸூக் விண்ணப்பத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஹுமைத் நானாட கடைதானே இது? அவர் என்ட மச்சான். நீங்க அங்கயா இருக்கீங்க?"

ஒப்பித்து வந்த விடைகள் எல்லாம் கலைந்து போயின. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"இல்ல சேர். அது லெட்டர் வர்றதுக்குக் குடுத்த விலாசம். நான் தோட்டத்துல, லயத்துல இருக்கேன். அதையும் எழுதியிருக்கணும், என் தப்புதான்."

"கொழும்பு வேலைய ஏன் விட்டீங்க?"

'முன்னேற்றத்துக்காக' என்பதுதான் தயாராயிருந்த விடை.

"என் ஊரைப் பத்தி அங்க பொய் சொல்லியிருந்தேன் சேர். அதனால அம்மா தவறுனதக்கூட யார்கிட்டயும் சொல்ல முடியல. அப்புறம் அங்க இருக்க மனசு வரல. வேலையில ஒரு கொறையும் வைக்கல. நீங்க அங்க கேட்டுப் பாக்கலாம்."

மர்ஸூக் உடனே அந்த ஆபீசுக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்தார்.

"திங்கக்கிழம வாங்க. விலாசத்த மாத்திக் குடுத்துட்டுப் போங்க."

பக்கத்து மேசையில் இஸ்ரா என்ற பெண் விவரங்களைக் கம்பியூட்டரில் பதிந்தாள். பெயர், தோட்டம், லயம் எல்லாவற்றையும் தயானி தடுமாறாமல் சொன்னாள்.

"அவசரம்னா யாருக்கு அறிவிக்கணும்? பேரும் போன் நம்பரும் சொல்லுங்க."

அம்மாவின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இஸ்ரா விரல்களை எழுத்துகள் மேல் வைத்துக் காத்திருந்தாள்.

"யாரும் இல்ல மிஸ்" என்றாள் தயானி. அன்று அவள் சொன்ன உண்மைகளில் அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.