கஞ்சிக் கையோடு வந்த பதில்

பாகவதர்களே, இந்த ஏகாதசி கோஷ்டியில் நோய் தீர்ந்ததைச் சொன்னீர்கள், பிள்ளை பிறந்ததைச் சொன்னீர்கள். அடியேன் சொல்லப்போவது ஒரு வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம் கிடைத்த கதை. இதுவும் ஒரு பிரார்த்தனையா என்று சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். கடைசியில் சிரிப்பு வராது.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம், தை மாதம். எனக்கு இருபத்திரண்டு வயது. டிரெயினிங் முடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. துறையூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வேலை கிடைத்திருந்தது. ஊர்ப் பேர் வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடம் மானேஜரின் சொந்தச் சொத்து மாதிரி. நிஜமாக வருகிற பிள்ளைகள் பதினாலு பேர். சர்க்கார் மானியத்துக்காக ஆஜர் பட்டியில் இருந்தது நாற்பது பேர்.

"எல்லா ஊர்லயும் இப்படித்தான் சாமி. நீங்க பட்டியில போடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார் மானேஜர்.

போட்டேன். புதுசு, ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். தெரியும். தெரிந்துதான் போட்டேன். வேலை போய்விடுமே என்ற பயம்.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை இரண்டு மாட்டு வண்டியில் ஏற்றி வந்தார்கள். பொங்கல் போட்டார்கள். இல்லாத பிள்ளைகளின் பேர்களை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தது நான்தான். இன்ஸ்பெக்டர் ஒரு பெண் குழந்தையை எழுப்பி, "உன் பேர் என்ன?" என்றார். ஒப்பித்தது. "அப்பா பேர்?" என்றார். அதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. குழந்தை என்னைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதது. மானேஜர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நான் ஒரு பாவமும் அறியேனுங்க. பட்டி எழுதறதெல்லாம் வாத்தியார்தாங்க" என்று கும்பிட்டார்.

என் ஸர்ட்டிபிகேட்டை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார்கள். மறுபடி இப்படி நடந்தால் ஆயுசுக்கும் ரத்து என்று சிவப்பு மசியில் எழுதினார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது. கரும்பலகை முன்னால் நிற்பதைத் தவிர வேறு எதற்கும் நான் ஆசைப்பட்டதும் இல்லை.

ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பினேன். என் தகப்பனார் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். விஷயம் கேள்விப்பட்ட அன்று ஒரே வார்த்தைதான் சொன்னார். "பொய்யெழுதின கையை என் முன்னால தீர்த்தத்துக்கு நீட்டாதே." அப்புறம் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. என் மனைவி கோமளம் அப்போது மாசமாக இருந்தாள். "ஏன்னா, அவன் உங்களை மிரட்டினானா? அப்படியாவது சொல்லுங்கோளேன்" என்று கேட்டாள். அவன் மிரட்டவேயில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

வருஷம் முடிந்தது. டவுனில் ஏறாத பள்ளிக்கூடப் படி இல்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் வரவேற்பார்கள். காகிதத்தைப் புரட்டிச் சிவப்பு மசியைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். ஒருவர், "ஹோட்டலில் சர்வர் வேலை இருக்காம், கேட்டுப் பாருமே" என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். எங்கேயாவது கண்காணாமல் ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

தினம் விடியற்காலை விசுவரூப சேவைக்குப் போய் நிற்பேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் கண்ணீர் விடுவார்கள். நான் சண்டை போடுவேன். என் சுபாவம் அது. "நீர் சௌக்கியமாகப் பாம்பின்மேல் சயனித்திருக்கிறீர். எனக்கு முதுகு சாய்க்க இடமில்லை. பெரிய பள்ளிக்கூடம் கேட்டேனா? பொய் எழுதச் சொல்லாத ஒரு பள்ளிக்கூடம். ஒன்றே ஒன்று. அதைக் கொடுக்கக்கூட உமக்குக் கை வராதா?" இப்படி நாற்பத்தெட்டு நாள் கேட்டேன். பதில் இல்லை.

நாற்பத்தொன்பதாம் நாள் போகவில்லை. போய் என்ன ஆகிறது என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் வாசலில் ஒருவர் வந்து நின்றார். உறையூர் நெசவுக்காரத் தெருப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் ராமலிங்கம். என்னைவிட நாலு வயது பெரியவர், ஒல்லி, சட்டையில் பித்தான் பாதி இல்லை.

"எங்க தெருவுக்கு எந்த வாத்தியாரும் வர மாட்டேங்கறாங்க. உங்கள எந்தப் பள்ளிக்கூடமும் எடுத்துக்க மாட்டேங்குதுன்னாங்க. ரெண்டும் பொருந்தி வருதேன்னு வந்தேன்" என்றார்.

ஸர்ட்டிபிகேட்டை நானே புரட்டிக் காட்டினேன். படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"எங்ககிட்ட பொய் எழுத வேணாம் சாமி. பாவு நீட்டற அன்னிக்கு மட்டும் புள்ளைங்க வராதுங்க. வரலேன்னே எழுதுங்க."

கோமளம் உள்ளே விம்மி விம்மி அழுதது வாசல்வரைக்கும் கேட்டது.

பாவு என்பது நெசவுக்கு ஏற்றுகிற நீளவாட்டு நூல். அதைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காய்வதற்குள் நீவி முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு நூலும் வீண். அறுந்த இழையை முடிச்சுப் போடுவதற்குச் சின்ன விரல்கள் வேண்டும். ஆகவே பாவு நீட்டுகிற காலையில் தெருப்பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். இது எனக்கு முதலில் புரியவில்லை. கஞ்சிக் கையோடு தாமதமாக வந்த பிள்ளைகளை ஒரு நாள் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டேன். அன்று மத்தியானமே குப்பம்மாள் வந்துவிட்டாள். அந்தத் தெருவில் பெரிய வாய் அவளுக்குத்தான். புருஷன் மாரிமுத்து தறியில் உட்காருவான், வாய் திறக்க மாட்டான்.

"மத்த நாள்ல திட்டுங்க சாமி, அடிங்க, கேக்க மாட்டேன். பாவு அன்னிக்குத் திட்டாதீங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா வாசல்ல வந்து ஒரு கொரல் குடுங்க, தெருவே வந்து நிக்கும். பாவுன்னா நீங்க எங்களுக்கு நிக்கணும், ஆமா" என்றாள்.

அப்படித்தான் அந்தத் தெரு. குடித்தது கூழானாலும் பள்ளிக்கூடத்துக் கூரைக்கு வருஷம் தவறாமல் கீற்று போட்டார்கள். எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது தூளிக்குத் துணி நெய்து கொடுத்தார்கள். நானும் மனுஷன்தான் என்று மறுபடி நம்பத் தொடங்கினேன்.

ஆனால் பள்ளிக்கூடத்தின் தலைக்குமேல் கத்தி தொங்கியது. பிள்ளைகள் குறைவு என்று ஏற்கெனவே ஒரு முறை எழுதிவிட்டார்கள். அடுத்த தணிக்கையிலும் குறைந்தால் அங்கீகாரம் போய்விடும், பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான்.

யுத்தம் ஆரம்பித்த மறு வருஷம், ஆவணி. ராமலிங்கத்துக்குக் குளிர்காய்ச்சல். நான் தனியாக இருந்தேன். அன்று தெருவில் குப்பம்மாள் வீட்டுப் பாவு. வானம் மூட்டமாக இருந்ததால் கஞ்சிப் பானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலுக்காகக் காத்திருந்தார்கள். வகுப்பில் மூன்றே பிள்ளைகள். ஒன்பதரை மணிக்குப் பின்சந்து வழியாக ஒருவர் நடந்து உள்ளே வந்தார். முன்னறிவிப்பு இல்லை. அதே இன்ஸ்பெக்டர்.

என்னைப் பார்த்ததும் அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. "நீரா? இங்கேயா?" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து கடியாரத்தை மேஜைமேல் வைத்தார். "பத்து மணிக்கு இரண்டாவது மணி. அதற்குப் பிறகு வருகிறவர்கள் கணக்கில் இல்லை. தயாராக இரும் ஐயா."

வாசலுக்கு வந்தேன். தெரு தெரிந்தது. இன்னும் கஞ்சி ஊற்றவில்லை. முப்பது பிள்ளைகள் முப்பது அடி தூரத்தில் நின்றார்கள். ஒரு குரல் கொடுத்தால் போதும். நான் கொடுக்கவில்லை. ஏன் தெரியுமா? துறையூர்ப் பக்கத்து மாட்டு வண்டி கண் முன்னால் வந்தது. இன்ஸ்பெக்டருக்காகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவது என்றாலே பொய் என்று என் புத்தி முரண்டு பிடித்தது. சொந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கூப்பிடுவதற்கும் இரவல் பிள்ளையைக் கூட்டி வருவதற்கும் வித்தியாசம் தெரியாத மடையனாக நின்றேன். இனி என் கை சுத்தமாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் மனசில்.

உள்ளே போனேன். "ரங்கா, பொய் எழுத மாட்டேன். இந்தப் பள்ளிக்கூடத்தை நீர் காப்பாற்றும்" என்று சொல்லிவிட்டுப் பட்டியைத் திறந்தேன். பேர் படித்தேன். பதில் இல்லை. வரவில்லை என்று எழுதினேன். அடுத்த பேர். வரவில்லை. வெளியே வெயில் வந்துவிட்டது. கஞ்சி ஊற்றுகிற ஆரவாரம் கேட்டது. பத்துப் பேருக்கு எழுதினேன். இன்ஸ்பெக்டர் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோராவது பேரைப் படித்தபோது வாசலில் தடதடவென்று சத்தம். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். முழங்கைவரைக்கும் கஞ்சி. அவரை ஏற்றிவந்த ஜட்கா வண்டிக்காரன் தெருவில் குதிரைக்குத் தண்ணீர் கேட்டபோது, இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துக்குள் இருப்பதைச் சொல்லியிருக்கிறான். கடியாரத்தில் பத்துக்கு இன்னும் மூன்று நிமிஷம்.

இன்ஸ்பெக்டர் தலை எண்ணினார். முப்பத்துமூன்று. நாலைந்து பேரை எழுப்பி அப்பா பேர் கேட்டார். பட்டியோடு ஒத்துப் பார்த்தார். நான் எழுதியிருந்த பத்தையும் தானே அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். "பள்ளிக்கூடம் இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

அங்கேயே விழுந்து கும்பிட்டேன். பெருமாளே பெருமாளே என்று கதறினேன். பிறகு தெருவுக்கு ஓடினேன், குப்பம்மாளுக்கு நன்றி சொல்ல.

பாவு வெயிலில் விறைத்துக் கிடந்தது. மாரிமுத்து ஒரு முனையில் நின்று இழையை இழையிலிருந்து பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரிக்கப் பிரிக்க அறுந்தது. தீபாவளிச் சேலைக்கு வியாபாரி கொடுத்த நூல். குப்பம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"எப்ப சாமி வந்தாரு அந்த ஆளு?"

"ஒன்பதரைக்கு."

"அப்ப நாங்க கஞ்சியே ஊத்தலியே! வாசல்ல வந்து நின்னீங்களே, நான் பாத்தேனே! வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? ஒரு கொரல் குடுத்திருந்தா புள்ளைங்கள அனுப்பிட்டு மத்தியானம் ஊத்தியிருப்பனே!"

"பெருமாள்கிட்ட வேண்டிண்டேம்மா" என்றேன். சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அவருதான் எங்கள முப்பது அடியில வெச்சிருந்தாரே சாமி" என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வியாபாரி அந்த வீட்டுக்கு அப்புறம் நூல் தரவில்லை. தறி நின்றது. நான் வியாபாரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தேன், அவன் மசியவில்லை. ஐப்பசியில் மாரிமுத்து ரங்கூனுக்குக் கப்பல் ஏறினான். ஒரு வருஷம் கடிதம் வந்தது. குப்பம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டுவேன். ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்ட பிறகு கடிதம் இல்லை. காட்டு வழியாக நடந்தே திரும்பி வந்தவர்கள் வந்தார்கள். அவன் வரவில்லை.

ஆனாலும் சொல்கிறேன், பெருமாள் எனக்குப் பதில் கொடுத்தார். இன்றும் அந்தப் பள்ளிக்கூடம் நடக்கிறது, நான் அங்கேதான் இருக்கிறேன். தகப்பனார் என் கையில் தீர்த்தம் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். வேண்டி முடித்ததும் நான் கண்ணைத் திறந்திருந்தால் அந்தப் பதில் முப்பது அடியில் நிற்பது தெரிந்திருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு நல்லவனாக இருந்தேன். அதற்கு ஒரு குடும்பம் அழிந்தது.

அன்றிலிருந்து டிரெயினிங் முடித்து வருகிற புது வாத்தியார்கள் எங்கே போவது என்று திகைத்து நின்றால் நானே அழைத்துப் போகிறேன். உறையூரில் இரண்டு பேர், எடமலைப்பட்டி புதூரில் ஒரு பெண், எல்லாம் ஏழைத் தெருக்கள்தான். கட்டடத்தைப் பார்ப்பதில்லை. தெருவில் நாலு வீட்டில் ஏறி, "இவர் கூப்பிட்டால் வருவீர்களா?" என்று கேட்கிறேன். வருகிறோம் என்பவர்களின் பேரைப் புது வாத்தியாரிடம் சொல்லி, "வாயைத் திறந்து கூப்பிடு. வெட்கப்படாதே" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புகிறேன். நீங்களும் வேண்டுங்கள். அவர் கொடுப்பார். கொடுத்ததை எட்டிப் பார்க்கவும் செய்யுங்கள்.

எனக்கு இன்னொரு வேண்டுதல் இருக்கிறது. நாலு வருஷமாகக் கேட்கிறேன், பதில் வரவில்லை. தனியாகக் கேட்டது போதும் என்றுதான் இன்று உங்களைக் கூப்பிட வந்தேன். அவன் பேர் மாரிமுத்து. ஊர் உறையூர். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். இடது புருவத்தில் தழும்பு உண்டு. பர்மாவிலிருந்து வந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் விசாரியுங்கள். சந்நிதியில் நிற்கும்போது உங்கள் கஷ்டத்துக்கு முன்னால் அவன் பேரைச் சொல்லுங்கள். குப்பம்மாள் இன்னும் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.