காற்றில்லாத சனிக்கிழமை

ஹாம்ராவீக் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரன் பிரான்டுர், முதல் பிரிவில் ஆடத் தொடங்கி இத்தனை வருஷத்தில் ஒரு கோல்கூட அடித்ததில்லை. அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை. அவன் வேலை வேறு. அணிக்குப் பெனால்டி கிடைக்கும்போதெல்லாம் அவன்தான் போய்ப் புள்ளிக்குப் பக்கத்தில் குப்புறப் படுப்பான். பந்தின் உச்சியில் ஆள்காட்டி விரலை வைத்துக்கொள்வான். விரல் இல்லையென்றால் பந்து நிற்காது. கடல் காற்று அதை உருட்டிக்கொண்டு போய்விடும். ஃபேரோ தீவுகளில் நடுவர்கள் இதை அனுமதிக்கிறார்கள். வேறு வழியில்லை.

முதலில் அவனைப் படுக்கச் சொன்னதற்குக் காரணம் அவன் புதியவன் என்பதுதான். அன்று பெனால்டி அடித்த அணித்தலைவன் ரொட்டிக்கடை வைத்திருந்தான், உடம்பும் மாவு மூட்டை மாதிரி. அவன் ஓடிவரும்போது தரை அதிர்வது படுத்திருப்பவனின் வயிற்றில் தெரியும். ஒரு தடவை பந்தோடு சேர்த்துப் பிரான்டுரின் கையையும் உதைத்தான். சுண்டுவிரல் வளைந்து அப்படியே நின்றுவிட்டது. அந்த நாளிலிருந்து பிரான்டுர் உதைப்பவனைப் பார்ப்பதை விட்டுவிட்டான். பார்த்தால் விரலை முன்கூட்டியே எடுத்துவிடுவோம். முகத்தைக் கோல் பக்கம் திருப்பிக்கொண்டால் பயம் வராது. தரையோடு தரையாகக் கிடப்பவனுக்கு அங்கே கோல்கீப்பரின் பூட்ஸ்தான் தெரியும். வருஷக்கணக்காக அவன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாரநாட்களில் சால்மன் பண்ணைப் படகில் வேலை. மலைகளுக்கு நடுவே நீளும் கடல்கழியில் மிதக்கும் வலைவளையங்களிலுள்ள மீன்களுக்குத் தீனி போடுவது, வலையில் ஓட்டை விழுந்தால் தைப்பது. நாட்டின் முதல் பிரிவு என்று பெயர், ஆனால் திங்கட்கிழமை காலை அணியில் எல்லாருமே வேலைக்குப் போயாக வேண்டும். பெனால்டி அடிக்கும் ஹைனி தச்சன். பிரான்டுரின் மனைவி தூரிதாவுக்குத் தம்பி. தூரிதா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள், அணியை நடத்தும் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. ஆட்டநாளில் வாஃபிள் சுடுவதும் அவளே.

ஹைனி உதைத்தால் வலை கிழியும் என்பார்கள். பயிற்சியில் அவன் பெனால்டி அடிக்கும்போதும் பிரான்டுர் படுப்பான். காற்று இருந்தாலும் படுப்பான், இல்லாவிட்டாலும் படுப்பான். பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பது அவன் எண்ணம். அது சரியில்லை என்று ஊரில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பருவம் மார்ச்சில் ஆலங்கட்டி மழையோடு தொடங்கியது. தலைநகர அணிகள் இரண்டும் வந்து அடித்துப் போட்டுவிட்டுப் போயின. செர்பியாவிலிருந்து வரவழைத்த முன்கள வீரன் ஜூலையிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டான். வெயில் வராத ஒரு கோடையை அவனால் நம்ப முடியவில்லை. ஆகஸ்டில் நன்றாக ஆடினார்கள், ஆனால் தோற்றார்கள். செப்டம்பரில் மோசமாக ஆடினார்கள், அப்போதும் தோற்றார்கள். கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்து நின்றது அணி. கடைசி இரண்டு அணிகள் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும்.

தூரிதா ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டாள். காபி ஊற்றி முடித்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"கீழ இறங்கிட்டா நம்மால தனியா அணி நடத்த முடியாது. ஆள் இல்ல. எதிர்க்கரை நெஸ்வீக்காரங்க சேர்ந்துக்கலாம்னு சொல்றாங்க. மைதானம் அவங்களோடது. சட்டையும் அவங்களோடது."

"பேரு?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"பேரும் அவங்களோடதுதான்."

கூடத்தில் ஒரே இரைச்சல். பிரான்டுர் எழுந்தான்.

"பேசணும்னா கையத் தூக்கு," என்றாள் தூரிதா.

தூக்கினான். "இதப் பேசவே வேண்டாம். நாம இறங்க மாட்டோம்."

"அது தீர்மானம் இல்ல பிரான்டுர், ஆசை."

"ஆசை இல்ல. சொல்றேன். நான் இருக்கிற வரைக்கும் இந்த அணி இறங்காது. எழுதிக்கோ."

"நீ இருந்துதானே இந்த இடத்துக்கு வந்திருக்கோம்?" என்றாள் அவள். கூடமே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் உட்காரவில்லை. இறங்கினால் இணைப்பு, இறங்காவிட்டால் பேச்சே இல்லை என்று முடிவான பிறகுதான் உட்கார்ந்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கேட்டாள்: "எந்தத் தைரியத்துல ஊர் முன்னாடி அப்படி வாய விட்ட?"

"வேற யாரு விடுவா?"



அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை கடைசி ஆட்டம். எதிரணி அதே நெஸ்வீக். சமன் செய்தால் போதும், ஹாம்ராவீக் தப்பிக்கும். தோற்றால் போச்சு.

காலையில் பிரான்டுர் கதவைத் திறந்தபோது ஏதோ குறைந்தது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காற்று இல்லை. வீட்டுப் புகைபோக்கிகளில் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரி அசையாமல் கிடந்தது. சரிவில் மேய்ந்த ஆடுகள்கூட எந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு திசையில் நின்றன.

மைதானத்தில் இன்னொரு வினோதம். காற்றில்லாததால் எல்லார் பேச்சும் எல்லாருக்கும் கேட்டது. பார்வையாளர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதை ஆட்டக்காரர்கள் முதல்தடவையாகக் கேட்டார்கள். அது யாருக்கும் நல்லதாக இல்லை.

"அந்த ஏழாம் நம்பர் ஓடுறானா, இல்ல அடுத்த வாரம்தான் ஓடுவானா?"

"ஏய், நான் இங்கதான் இருக்கேன்," என்று ஏழாம் நம்பர் திரும்பிச் சொன்னான்.

நெஸ்வீக் ஆட்கள் படகில் வந்து இறங்கியிருந்தார்கள். ஒருவன் தங்கள் சிவப்புச் சட்டையைக் கொம்பில் மாட்டி ஆட்டினான். "அளவு பாக்க வாங்கப்பா! அடுத்த வருஷம் இதான் உங்களுக்கு!"

முதல் பாதியில் மூலையிலிருந்து வந்த பந்தை நெஸ்வீக் தலையால் முட்டிக் கோல் ஆக்கியது. இரண்டாம் பாதி முழுவதும் ஹாம்ராவீக் அழுத்தியது. பந்து கம்பத்தில் பட்டது, ஆள்மேல் பட்டது, ஒரு தடவை நடுவர் மேலேயே பட்டது. பிரான்டுர் பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தான். "வரும்டா, வரும். ஆடு!" ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், பெட்டிக்குள் நுழைந்த ஹைனியை ஒருவன் காலைக் கொடுத்துச் சாய்த்தான். நடுவர் பெர்கூர் புள்ளியைக் காட்டினார். தலைநகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் அவர்.

பிரான்டுர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். புள்ளியில் வைத்தான். குப்புறப் படுத்து விரலை வைத்தான்.

"எந்திரி," என்றார் பெர்கூர்.

"பந்தப் பிடிக்கிறேன் வாத்தியாரே."

"எதுக்கு?"

"காத்துக்கு."

"எங்க காத்து?"

பிரான்டுர் தலையைத் தூக்கிப் பார்த்தான். மூலைக்கொடி ஈரத்துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

"திடீர்னு வரும். எங்க ஊரப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

"வந்தா படுத்துக்கோ. இப்ப எந்திரிச்சுப் பெட்டிக்கு வெளிய போ. இல்லன்னா அட்டை காட்டுவேன்."

"தூங்கட்டும் விடுங்க சார், வயசாயிடுச்சு!" என்றது நெஸ்வீக் கூட்டம். "பிரான்டுர், போர்வை கொண்டாரட்டுமா?"

ஹாம்ராவீக் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "என் புகை நேராத்தான் போவுது. வாத்தியார் சொல்றது நெசம்தான்."

"யோவ், நீ யாரு பக்கம்யா?" என்றாள் வாஃபிள் மேசையிலிருந்து தூரிதா.

பிரான்டுர் எழுந்தான். முழங்காலைத் தட்டிக்கொண்டு வெளியே போகத் திரும்பியபோது ஹைனி அவன் கையைப் பிடித்தான். ஹைனியின் முகம் சரியில்லை.

"மச்சான், என்னால முடியாது."

"ஏன்டா?"

"பந்து தனியா நிக்குது."

"நின்னா நல்லதுதானே. உதை."

"நான் பந்தப் பாத்து உதைச்சதே இல்ல மச்சான். உன் விரலப் பாத்துத்தான் உதைப்பேன். எப்பவும். அது இல்லாம எங்க உதைக்கிறதுன்னு தெரியல."

பிரான்டுருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு பயிற்சிநாட்கள் நினைவுக்கு வந்தன. காற்றே இல்லாத சில ஜூன் மாலைகளில், யாரும் கேட்காமலே தான் போய்ப் படுத்தது. விரலை வைத்து வைத்து இவனைக் கெடுத்தவன் தான்தான். மற்றவர்களைப் பார்த்தான். ஏழாம் நம்பர் வானத்தைப் பார்த்தான். இன்னொருவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். அணியில் யாருமே வெறும் பந்தைப் பெனால்டியில் உதைத்ததில்லை.

"யாரு அடிக்கிறா?" என்று பெர்கூர் கேட்டார்.

"நான்," என்றான் பிரான்டுர்.

 வாஃபிள் மேசையிலிருந்து தூரிதாவின் குரல் தெளிவாகக் கேட்டது: "கடவுளே, இவனா?"

நெஸ்வீக் கீப்பர் யாஸ்பூர் பெரிய ஆள். கைகளை விரித்தால் கோலில் பாதி மறையும். பிரான்டுர் அவனெதிரே போய் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. நின்றுகொண்டு பார்த்தால் கீப்பருக்கு முகம் இருக்கிறது. அந்த முகம் சிரிக்கிறது. படுத்திருந்த நாட்களில் அவன் பார்த்த யாஸ்பூர் இவன் இல்லை. அந்த யாஸ்பூர் இரண்டு கறுப்புப் பூட்ஸ். உதைக்குமுன் எந்தப் பக்கம் பாயப் போகிறதோ, அதற்கு எதிர்க்காலின் குதிகால் மெல்லத் தரையை விட்டு எழும்.

முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினான். பூட்ஸைப் பார்த்தான். மனம் இடத்துக்கு வந்தது. இந்தப் பூட்ஸை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"வாடா கிழவா," என்றான் யாஸ்பூர்.

விசில் ஒலித்தது. பிரான்டுர் ஓடினான். கண் பூட்ஸை விட்டு நகரவில்லை. கடைசி அடி வைக்கும்போது யாஸ்பூரின் வலது குதிகால் எழுந்தது. இடது பக்கம் பாயப் போகிறான். சரி, மறுபக்கம். பிரான்டுர் காலை வீசினான். பந்தைப் பார்க்காமல் வீசினான். அவனுடைய பூட்ஸ் முனை முதலில் செயற்கைப் புல்லைப் பிராண்டியது, பிறகு போகிற போக்கில் பந்தைத் தொட்டது.

பந்து உருண்டது. உதைத்த பந்து மாதிரி இல்லை, கை நழுவிய உருளைக்கிழங்கு மாதிரி உருண்டது. யாஸ்பூர் அதற்குள் தன் இடது பக்கம் முழுநீளத்துக்குப் பாய்ந்து விழுந்திருந்தான். விழுந்த இடத்திலிருந்தே தலையைத் திருப்பிப் பந்தைப் பார்த்தான். அது இன்னும் வந்துகொண்டிருந்தது. எழுந்து ஓடப் பார்த்து வழுக்கினான். முழங்காலால் தவழ்ந்தான். ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எந்தப் பக்கத்திலிருந்தாவது ஒரு சின்னக் காற்று வந்தால் போதும், பந்து நின்றுவிடும், திரும்பிக்கூட வந்துவிடும். பைப்புக் கிழவர் பைப்பிலிருந்து புகைவிடுவதையே நிறுத்திவிட்டார்.

காற்று வரவில்லை. பந்து கோட்டைத் தாண்டி, வலையைத் தொடக்கூடத் தெம்பில்லாமல், உள்ளே நின்றது.

அதன்பிறகு எழுந்த கூச்சலில் பெர்கூரின் விசில் யாருக்கும் கேட்கவில்லை. மிச்ச நிமிஷங்களைப் பதினோரு பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் நின்றே கழித்தார்கள். வந்த பந்தையெல்லாம் கடலைப் பார்த்து உதைத்தார்கள். ஆட்டம் சமனில் முடிந்தது.

தூரிதா மாவு ஒட்டிய கைகளோடு மைதானத்துக்குள் வந்தாள். "அடிச்சியா, தள்ளினியா?"

"உள்ள போச்சா இல்லையா?"

"போச்சு."

"அப்ப என்ன? எழுதிக்கோன்னு சொன்னேன்ல."

"சொன்ன," என்றாள். அவன் முகத்தில் மாவு ஒட்டியது.

யாஸ்பூர் வந்து கை கொடுத்தான். "என் வாழ்க்கையிலயே இவ்வளவு மோசமான உதையப் பாத்ததில்ல," என்றான்.

"நானும் பாக்கல," என்றான் பிரான்டுர். அது உண்மை. அவன் பூட்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

உடைமாற்றும் அறையில் பாட்டும் ஆட்டமும் தொடங்கிவிட்டன. கைகோத்து வட்டமாகத் தரையை மிதித்தார்கள். ஹைனியை மட்டும் காணவில்லை. பிரான்டுர் வெளியே வந்து பார்த்தான். காலியான மைதானத்தில் ஹைனி புள்ளியில் பந்தை வைத்துவிட்டு அதை முறைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"படுக்கவா?" என்றான் பிரான்டுர்.

"வேண்டாம் மச்சான். பக்கத்துல வராத. அங்கயே நில்லு."

பிரான்டுர் கோட்டுக்கு வெளியிலேயே நின்றான். ஹைனி பின்னால் போய், ஓடிவந்து உதைத்தான். பந்து கோலுக்கு மேலே, வேலிக்கு மேலே பறந்து கடலில் விழுந்தது. அசையாத தண்ணீரில் வட்டங்கள் பரவின.

பிரான்டுர் ஓரத்திலிருந்த பையிலிருந்து அடுத்த பந்தை எடுத்து அவன் பக்கம் உருட்டிவிட்டான்.

"இன்னொண்ணு அடி," என்றான்.