லாட்ஜ் சாவியின் முதல் வாசகர்

ஏற்காடு ஜீப் ஸ்டாண்டில் லாசரின் வண்டிதான் முதலில் நிறையும். வண்டி புதுசு என்று நினைத்துவிட வேண்டாம். முன் கண்ணாடியில் விரிசல், பின் சீட்டில் ஸ்பிரிங் குத்தும், மழை பெய்தால் தார்ப்பாய் ஓட்டை வழியாக யார் தலையில் ஒழுகும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். பக்கத்திலேயே சின்னராஜின் வண்டி கழுவித் துடைத்துப் பளபளவென்று நிற்கும். இருந்தும் மலைக்குள்ளிருக்கும் தலைச்சோலை ஊர்க்காரர்கள் மூட்டை முடிச்சோடு லாசரைத்தான் தேடி வருவார்கள். எல்லாம் அவர் வாய்க்காக.

காபி எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு எஸ்டேட் லாரியில் கிளீனராக ஏறினார், பிறகு டிரைவர் ஆனார், பிறகு எப்படியோ இந்தக் கிழட்டு ஜீப்பைச் சொந்தமாக்கிக்கொண்டார். மனைவி ரூபி ஒரு பள்ளி ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறாள். அம்மா போய்ச் சில வருஷம் ஆகிறது. நல்ல சாவு. கடைசி மூச்சுவரை பேரன் பேத்தி பெயரையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி ஜெபம் பண்ணிவிட்டுக் கண்ணை மூடினார். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

லாசருக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சு உண்டுதான். ஆனால் சரக்கு தீர்ந்துவிடும். அதே மலை, அதே பாதை, தினமும் அதே முகங்கள். எத்தனை நாளைக்குத்தான் காட்டெருமை மறித்த கதையையே சொல்வது?

அப்போதுதான் டிரைவர்கள் குரூப்பில் யாரோ ஒரு கதையை அனுப்பினார்கள். ஏற்காட்டில் ஏதோ ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் பார்க்கும் பெண் எழுதும் இணையதளம் அது. பெயர் ‘லாட்ஜ் சாவி’. தேனிலவுக்கு வந்த புது மாப்பிள்ளை பையிலிருந்து குரங்கு ஒரு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓட, எதிர்ச் சுவரில் உட்கார்ந்து பிரித்தால் அது தலைக்குப் போடும் மை. பெண் வீட்டுக்குத் தெரியாத நரை, குரங்குக்குத் தெரிந்துவிட்டது. லாசர் ஸ்டியரிங்கில் முட்டி முட்டிச் சிரித்தார். கீழே ஒரு கட்டம் இருந்தது. உங்கள் மெயில் முகவரியைக் கொடுத்தால் புதிதாக எழுதும்போதெல்லாம் அனுப்பி வைக்கிறேன் என்றது. போன் வாங்கியபோது கடைக்காரன் லாசர், ஜீப், தலைச்சோலை என்று மூன்றையும் ஒன்றாக ஒட்டி ஒரு முகவரி போட்டுக்கொடுத்திருந்தான். அதுவரை எதற்கும் உதவாத அந்த முகவரியை எழுத்து எழுத்தாகத் தட்டிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து கதை வீடு தேடி வந்தது. முழுக் கதையும் மெயிலிலேயே வந்துவிடும், தளத்துக்குப் போக வேண்டிய வேலையே இல்லை. நெட் தீர்ந்துபோகிறதென்று படங்கள் வராமல் நிறுத்தி வைத்திருந்தார். ஆள் சேரும்வரை ஸ்டாண்டில் வண்டி நிற்குமல்லவா, அந்த நேரத்தில் படிப்பார். ஊரைத் தாண்டினால் சிக்னல் செத்துவிடும். அதற்கப்புறம் மலைப்பாதையில் அவர் சொன்னதுதான் கதை. சரிபார்க்க யாராலும் முடியாது.

முதல் தடவை ஒழுங்காகத்தான் தொடங்கினார். லாட்ஜில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்றார். எழுதினதா, அப்படியென்றால் கட்டுக்கதை என்று பின் சீட்டில் இருந்தவர்கள் தங்கள் பேச்சைப் பார்க்கப் போய்விட்டார்கள். அடுத்த முறை அந்த முன்னுரையை விழுங்கிவிட்டு, நேற்று ஒரு லாட்ஜுக்குச் சவாரி போனேன் என்று ஆரம்பித்தார். வண்டியே குலுங்கியது. தலைச்சோலையில் காபித் தோட்டம் வைத்திருக்கும் மாதப்பன் இறங்கும்போது, “உனக்கு மட்டும் எப்படித்தான் இதெல்லாம் கண்ணுல படுதோ லாசரு” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். ருசி கண்ட நாக்கு, விடுமா?

ஒவ்வொரு கதையின் அடியிலும் அந்தப் பெண் ஒரே வரியை எழுதியிருப்பாள். படித்தீர்களானால் தளத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், யாரோ இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் தெம்பாக இருக்கும். முதலில் லாசருக்குக் கூச்சம். நாம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார். பிறகு அது பயமாகிவிட்டது. அந்தத் தளத்தைப் பற்றி ஊரில் ஒருவருக்குத் தெரிந்தாலும் குட்டு உடைந்துவிடுமே. கூடையோடு வாடிக்கையாக வண்டியேறும் சின்னத்தாயி ஒருநாள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, திருப்பூரிலிருந்து மகன் வாங்கிக் கொடுத்த போனை நீட்டினாள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள். போனில் கதையெல்லாம் வருகிறதாமே, எனக்கும் வரும்படி செய்து கொடு சாமி என்றாள். ஒரு நிமிஷ வேலை. அதெல்லாம் இங்கிலீஷில்தான் வருகிறது என்று லாசர் வாய் கூசாமல் சொன்னார். சின்னத்தாயி போனை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தத் துடைப்பை அவரால் மறக்க முடியவில்லை, ஆனால் கதையை நிறுத்தவும் முடியவில்லை.

போன காபிப் பழ சீசனில் ஒரு கதை வந்தது. லாட்ஜ்காரி தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. தனியாக விட்டுவர முடியாமல் ரிசப்ஷனில் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வாளாம். உள்ளே வரும் ஒவ்வொருவரையும் அம்மா தன் பிள்ளையென்றே நினைத்து, வந்துட்டியா கண்ணு, சாப்ட்டியா என்று கேட்பாராம். அறை சரியில்லை என்று கத்திக்கொண்டு வந்த ஒரு பெரிய மனுஷர், அந்தக் கேள்வியைக் கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாராம். அந்த அம்மா போன மாசம் இறந்துவிட்டார் என்று கதை முடிந்தது. லாசரும் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு என்ன செய்தார் தெரியுமா? வண்டியில் அதைச் சொல்லத் தொடங்கும்போது வாயில் வந்தது, “எங்கம்மாவுக்குக் கடைசிக் காலத்துல நெனவு தப்பிப்போச்சுங்க” என்பது.

பாவி மனுஷன். பெற்றவளை வைத்துமா?

லாட்ஜை வீடாக்கினார், பெரிய மனுஷரை ஒரு கடன்காரராக்கினார், மற்றதெல்லாம் அப்படியே. சின்னத்தாயி மூக்கைச் சிந்தினாள். கண்ணாடியில் பார்த்தார், பின் சீட்டு ஓரத்தில் ஸ்வெட்டர் போட்ட, பழக்கமில்லாத ஒரு பெண் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. புது ஆளையே அழவைத்துவிட்டோம் என்று லாசருக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. அந்தப் பெண் வழியில் வீடோ தோட்ட வாசலோ இல்லாத ஒரு வளைவில் கையைத் தட்டி இறங்கிக்கொண்டாள். அங்கே யாரும் இறங்குவதில்லை. வேண்டுதல் ஏதாவது இருக்கும் என்று லாசர் வண்டியை எடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு கோயிலில் பிரார்த்தனை முடிந்து வெளியே வந்தபோது, ரூபியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் மாமியாரின் கடைசிக் காலத்துக்கு ஆறுதல் சொன்னாளாம். ரூபி வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, அத்தைக்கு எப்பங்க நெனவு தப்புச்சு?”

லாசர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“சாவுறன்னிக்குக்கூட என் கையப் புடிச்சு, உப்புக் கம்மியாப் போடு கண்ணு, அவனுக்கு பிரஷர்னு சொன்னாங்க. அந்த மனுஷியப் போயி இப்படிப் பண்ணிட்டீங்களே” என்றாள். அதற்கு மேல் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் லாசருக்கு எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

அதன்பிறகு லாட்ஜ் சாவியிலிருந்து வெகு நாள் ஒன்றும் வரவில்லை. வந்தபோது அது கதையில்லை. இந்த மாதக் கடைசியோடு கடையைச் சாத்துகிறேன் என்று எழுதியிருந்தாள். ‘யாராவது பக்கத்தைக் குறித்து வைத்திருப்பார்கள், யாராவது தேடி வருவார்கள் என்று தினமும் பார்ப்பேன். தளத்துக்கு வருகிறவர்கள் இல்லை. மெயிலில் வாங்கிக்கொள்ளச் சில பேர் முகவரி கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் திறந்து பார்க்கிறார்களா, பார்க்காமலே தள்ளிவிடுகிறார்களா, எனக்குத் தெரிய வழியில்லை. சுவரோடு பேசி அலுத்துவிட்டது. மாதம் முடிந்ததும் எழுதியதையெல்லாம் அழித்துவிடுவேன்.’

லாசர் அதை இரண்டு தடவை படித்தார். வாசகர் இல்லையாம்! மலை முழுக்க அவள் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. கல்யாண வீட்டுப் பேச்சில் அந்தக் குரங்கு வந்து போகிறது. அத்தனை பேரையும் வாசலிலேயே மறித்து நிறுத்திவைத்தது யார்?

ஒரு வார்த்தை எழுதிவிடலாம் என்று முகவரி கொடுத்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான் மறுபடி தளத்தைத் திறந்தார். அம்மா கதை வந்தது. கூடவே இவர் இதுவரை பார்த்திராத படமும் வந்தது. ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால், சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கப் பல் விழுந்த சிரிப்போடு ஓர் அம்மா. அடியில் ‘பழனியம்மா, என் அம்மா’ என்று இருந்தது. இத்தனை நாளும் அது அவருக்கு ஒரு கதை. இப்போது அதற்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது. கருத்து எழுதும் இடம் வெறிச்சென்று கிடந்தது. எழுதப் போனவர் எழுதாமல் போனை மூடிவிட்டார். மறுநாளும் அப்படித்தான். நான் ஒருத்தன் மட்டும் படித்தேன் என்று எழுதினால் அதுவும் பொய். மற்றவர்களும் வர வேண்டுமென்றால் அவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். மாதம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு சந்தை நாள். வண்டி நிறைந்துவிட்டது. லாசர் சாவியைத் திருகவில்லை. திரும்பி உட்கார்ந்து, சிக்னல் இருக்கும்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன் என்று எல்லாவற்றையும் கொட்டினார்.

“அப்ப அந்தக் குரங்கு?” என்றார் மாதப்பன்.

“அதுவும் அவங்களுதுங்க.”

“உங்கம்மா?”

“அதுவும் அவங்க அம்மாதானுங்க.”

சின்னத்தாயி கூடையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். “உங்கம்மா செத்தப்ப அழுதது போதாதுன்னு மறுக்கா ஒருவாட்டி அழுதேனே லாசரு” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு பையிலிருந்து அந்தப் போனை எடுத்து நீட்டினாள். “எங்க அமுக்கோணும், காட்டு.”

இங்கிலீஷில்தான் வருகிறது என்று சொன்னவர் அவள் பக்கத்தில் குனிந்து அந்தத் தமிழ்க் கதைகளைத் திறந்து காட்டினார். காது சூடாகிவிட்டது. அன்றைக்கு வண்டி நேரத்துக்குக் கிளம்பவில்லை. போன் இருந்தவர்கள் எழுதினார்கள், இல்லாதவர்கள் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லி எழுதவைத்தார்கள். குரங்கு இப்ப எப்படி இருக்குங்க என்று மாதப்பன் எழுதினார். சின்னத்தாயி, ‘நல்லா எளுதற கண்ணு நிறுத்தாத’ என்று எழுதுவதற்குள் பக்கத்து வண்டி ஒரு நடை போய்விட்டது. எல்லோருக்கும் கடைசியாக லாசர் எழுதினார். நான் எல்லாத்தையும் படிச்சேங்க. வண்டியில எல்லாருக்கும் சொன்னேன். உங்க பேரைச் சொல்லாம என் கதைன்னு சொன்னேன். உங்கம்மாவையும் எங்கம்மான்னு சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க. இப்படிக்கு லாசர்.

மறுநாள் ஸ்டாண்டில் வண்டி நிறைந்துகொண்டிருக்கும்போது பதில் வந்தது. என்ன வந்தாலும் எல்லோர் முன்னாலும் படிக்கிறேன் என்று நேற்று வாக்குக் கொடுத்திருந்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்தார்.

‘லாசரண்ணா, எனக்கு வந்த முதல் முகவரி உங்களுதுதாங்க. அதுலயே ஜீப்புனு இருந்துச்சு, தலைச்சோலைனு இருந்துச்சு. அம்மா போன பிறகு ஊட்டுல இருக்கவே முடியல. நம்மளப் படிக்கிறவரு ஒருத்தரு இந்த ஊர்லயே இருக்காரே, பார்த்துட்டு வரலாம்னு விசாரிச்சு வந்து உங்க வண்டியில ஏறுனேன். பின்னாடி ஓரத்துல உக்கார்ந்திருந்தேன். எல்லாரும் அழுதாங்க. எனக்கு முதல்ல நொம்ப சந்தோஷமா இருந்துச்சுங்க. எம் பேரு வேண்டாம், எங்கம்மா பேராவது வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் எங்கேன்னு தெரியாத ஒரு எடத்துல இறங்கிட்டேன். யாரு படிக்கிறாங்கன்னு தெரியலைன்னு எழுதினப்ப உங்கள அதுல சேர்க்கலைங்க. தளத்த அழிக்கல, இத்தன பேரு வந்திருக்கீங்க. அம்மா கதைய மட்டும் எடுத்துட்டேன். ஹேமலதா.’

அந்த வளைவில் வீடு இல்லை, தோட்டம் இல்லை. ஸ்டாண்டுக்குத் திரும்பி எவ்வளவு தூரம் தனியாக நடந்திருப்பாள்!

லாசர் தளத்தைத் திறந்து பார்த்தார். சாவிக்கொத்தோடு சிரித்த அந்தப் படம் இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் மெயிலில் அந்தக் கதை இன்னும் அப்படியே இருந்தது, வரி மாறாமல். அழிக்கவும் கை வரவில்லை, வைத்துக்கொள்ளவும் உரிமை இல்லை.

சின்னராஜ் பின்னாலிருந்து ஹாரன் அடித்தான். லாசர் வண்டியை எடுத்தார். யாரும் கதை கேட்கவில்லை. அந்த வளைவு வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அந்தம்மா பேரு பழனியம்மாங்க.”

பின் சீட்டு ஓரம் காலியாக இருந்தது.